சாகாத எலிகளும் சனிக்கிழமைத் தண்ணீரும்

எலிக்கு ஊசி போடுகிற உத்தியோகத்தில் ஒரு வினோதம் உண்டு: எலி செத்தால் அது ஆராய்ச்சி, சாகாவிட்டால் ஊசி போட்டவள் குற்றவாளி. அநியாயம் இழைக்கப்பட்டது எனக்கு. மலாயாவில் குளுவாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரி; அங்கே ஆராய்ச்சி அறைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதினார்கள். இன்னொரு தடவை எழுதினால் வேலை போய்விடும். மேலதிகாரியிடம் நியாயம் கேட்கப் போய், கேட்காமலே திரும்பி வந்த சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ரொட்டிக்குச் சண்டை

டாக்டரின் திட்டம் எளியது. ஒரு கூண்டு வெள்ளை எலிகளுக்குச் செத்த கிருமிகளை ஊசியில் ஏற்ற வேண்டும். இன்னொரு கூண்டுக்கு வெறும் உப்புத்தண்ணீர். மறுநாள் இரண்டு கூண்டுக்கும் உயிருள்ள கிருமி. முதல் கூண்டு பிழைக்க வேண்டும், இரண்டாவது சாக வேண்டும். ஆனால் உப்புத்தண்ணீர் எலிகள் மூன்றாம் நாளும் ரொட்டித் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

“எல்லா எலிக்கும் கிருமி போட்டேன் சார், இந்தக் கையாலே” என்று, மெட்ராஸில் பட்டம் வாங்கிய கையை நீட்டினேன். அவர் கையைப் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“அடுத்த தடவை ஊசியை எலிக்குப் போடுங்க, மிஸ். தரைக்குப் போட வேண்டாம்.”

மூன்று தரம் கொதித்தது

கை சரி, கிருமி சரி. அப்படியானால் மிச்சம் இருப்பது தண்ணீர்தான். தண்ணீருக்குப் பொறுப்பு, வார்டில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர், சுத்தத்தில் பெரிய பிடிவாதக்காரர். திங்கட்கிழமை தோறும் வாரம் முழுவதற்கும் தண்ணீரை ஆவியாக்கி வடித்துப் பெரிய கண்ணாடி ஜாடியில் நிரப்பி, வாயைத் துணியால் கட்டிவைப்பார். தேவைப்படும் நாளில் மொண்டு, உப்புச் சேர்த்துக் கொதிக்க வைத்துத் தருவார். “உங்கள் தண்ணீரில் ஏதோ இருக்கிறது” என்று நான் சொன்னதும் அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. சோதித்தும் பார்த்தேன். ஒரு கிருமியும் முளைக்கவில்லை. வாதத்தில் நான் தோற்பது அபூர்வம், அன்று தோற்றேன்.

“மூண்டு தரம் கொதிக்க வைச்சனான் பிள்ளை! உசிரோட ஒரு கிருமி காட்டு பாப்பம், நான் இண்டைக்கே ஊருக்குக் கப்பலேறுறன்.”

கட்டில் ஆடிய கதை

எலிக்கூண்டு கழுவுகிற முனியம்மாள் முன்பு தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவள். போன மாதம் வாந்திபேதியில் இதே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு வாரம் நரம்பு வழியாக உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, கூண்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“திங்கக்கிழம ஏத்துன தண்ணி ஒன்னும் பண்ணலம்மா. சனிக்கிழம ஏத்துனாங்க பாருங்க, எனக்கு வந்த நடுக்கத்துல கட்டிலே ஆடிப்போச்சு! வார்டுல எல்லாருக்கும் தெரியும் லா, டாக்டர் ஐயாவுக்கு மட்டும் யாரும் சொல்லல.”

மறு விசாரணை

எங்கள் எலிகளுக்குத் தண்ணீர் மொண்டதும் ஒரு சனிக்கிழமைதான்! ஜாடியில் ஒரு வாரம் கிருமி பெருகுகிறது. கொதித்தால் சாகிறது, கந்தையா சொன்னது உண்மை. ஆனால் செத்ததன் உடம்புச் சரக்கு எங்கே போகும்? தண்ணீரிலேயே கிடக்கும். அது முனியம்மாளின் நரம்பில் போனால் நடுக்கம். எலிக்குள் போனால், முதல் கூண்டுக்கு ஏற்றிய செத்த கிருமியைப் போலவே, கள்ளன் வருவதற்கு முதல் நாளே காவல்காரன் தடியோடு எழுந்து நிற்கிறான். என் எலிகளுக்குக் கிடைத்தது ‘வெறும்’ தண்ணீரே அல்ல.

அடுத்த சனிக்கிழமை டாக்டரிடம் இரண்டு கூண்டு கேட்டேன்: ஒன்றுக்கு அன்று வடித்த தண்ணீர், மற்றதற்கு ஜாடித் தண்ணீர், இரண்டும் மூன்று தரம் கொதித்தவை. மறுநாள் இரண்டுக்கும் உயிருள்ள கிருமி. “ஊசியை நீங்களே போடுங்கள், சார். என் கை தரையைத் தேடும்” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவரே போட்டார்.

இரண்டு நாளில் புதுத் தண்ணீர்க் கூண்டு காலி. ஜாடித் தண்ணீர்க் கூண்டில் ரொட்டிச் சண்டை. கந்தையா ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கால்வாயில் கவிழ்த்தார். அன்று முதல் தினமும் வடிக்கிறார். வார்டில் கட்டில் ஆடுவதில்லை.

டாக்டர் பதிவேட்டைத் திறந்து ‘கவனக்குறைவு’ என்பதை அடித்தார். மன்னிப்பு வரும் என்று நின்றேன். “எலிகள் பொய் சொல்லாது, மிஸ்” என்றார்.

“எல்லா எலிக்கும் போட்டேன் என்று நான் அன்றைக்கே சொன்னேனே சார்? என்னை ஏன் நம்பவில்லை?”

இவ்வளவு படித்தும் என்னிடம் என்ன தகுதி குறைகிறது என்பதை அவர் அப்போதுதான் எனக்கு விளக்கினார்: “நீங்க எலி இல்லையே, மிஸ்.”