மாமாவின் காலை இழுத்த நாள்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் என்ற பாடம் சண்டை முடிந்த பிறகுதான் ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும் புத்தகம் இருந்தது, படிப்பிக்க ஆள் இருக்கவில்லை. வாவியைத் தாண்டி வவுணதீவுப் பக்கம் வர யாருக்கும் மனமில்லை. பிறகு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு ஒரு ரீச்சர் வந்தார். சாரித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளைகளுக்கு முன் அவரே குதிக்கத் தொடங்கிவிடுவார். அடைமழைக்குச் சொல்கிற ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்’ படித்த அன்று பாதி வகுப்பு குரைத்தது, பாதி வகுப்பு மியாவ் என்றது. ரீச்சர் மேசைமேல் ஏறி நின்று எங்கள் தலையில் வாளித் தண்ணீரைத் தெளித்தார். அதிபர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆங்கில தினத்துக்கும் இதே விளையாட்டுத்தான். ஒவ்வொரு குழுவும் ஒரு மரபுத்தொடரை வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும், சபையில் இருப்பவர்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். குழுவில் யாராவது ஒருவரின் வீட்டிலிருந்து ஒரு பெரியவரும் சேர்ந்து நடிக்க வேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தார். எனக்கும் என் இரண்டு கூட்டாளிகளுக்கும் கிடைத்தது ‘புல்லிங் மை லெக்’. பகிடிக்கு ஒருவரை ஏய்ப்பது என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், காலைப் பிடித்து இழுப்பது.

மற்ற இருவரின் வீட்டிலும் அறுவடை நேரம், ஆள் இல்லை. என் அப்பா கடல் பொங்கிய வருடம் போனவர். அதன்பிறகு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வாவிக்கு இந்தப் பக்கம், தன் ஊருக்கு வந்துவிட்டாள். வீட்டில் அம்மாவை விட்டால் அவளுடைய தம்பி, என் மாமா. பல வருடம் எங்கேயோ இருந்துவிட்டு, சண்டை முடிந்து சில மாதம் கழித்து ஒருநாள் வாசலில் வந்து நின்றவர். வலது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், “வேலைக்குப் போனனான்” என்பார். வந்த நாளிலிருந்து வேலியைத் தாண்டியதில்லை. ரோட்டில் வாகனச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். அவருக்குக் கூச்சம் என்று நான் நினைத்திருந்தேன்.

“மாமா, நீங்க சும்மா கதிரையில இருந்தாக் காணும். நாங்க காலை இழுப்பம்” என்றேன்.

“எந்தக் காலை?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து மாமா வாய்விட்டுச் சிரித்தார். வந்த பிறகு அவர் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

“மறுகா என்ன புள்ள, கழண்டு வாற காலையே இழுங்களன்.”

அம்மாவுக்குத் தெரியாமல் கிணற்றடியில் பழகினோம். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து இழுப்போம். கால் சப்பாத்தோடு கையில் வர, மூவரும் மல்லாந்து விழுவோம். மாமா ஒவ்வொரு முறையும் சிரித்தார்.

ஆங்கில தினத்தன்று அம்மாவுக்கு விஷயம் தெரியவந்தபோது, மாமா முதல் தடவையாக வேலியைத் தாண்டி எங்களோடு புறப்பட்டிருந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் முறைக்குச் சற்று முன்னால் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பக்கத்து இராணுவ முகாமின் அதிகாரி. அழைத்தாரா, அழைக்காமல் வந்தாரா தெரியாது. அதிபர் ஓடிப்போய் முன்வரிசையில் அவருக்கு இடம் கொடுத்தார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தாள்.

“தம்பி, எழும்பு. வீட்ட போவம்.”

“இப்ப எழும்பிப் போனாத்தான் அக்கா, பாப்பாங்க” என்றார் மாமா.

இழுத்தோம். கால் கையோடு வந்தது. முன்வரிசையில் சிலர் பதறி எழும்பினார்கள். மாமா குனிந்து, கதிரைக்குக் கீழே தேடினார். பிறகு முழங்காலுக்குக் கீழே வெறுமையாய்த் தொங்கிய சாரத்தைத் தூக்கிப் பார்த்து, ‘இங்கேதானே வைத்தேன்’ என்பதுபோலத் தலையைச் சொறிந்தார். அவ்வளவுதான், மண்டபம் வெடித்தது. “புல்லிங் மை லெக்!” என்று முதலில் கத்தியவர் அந்த அதிகாரிதான்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர் எங்களைக் கூப்பிட்டார். இந்தக் கால் எப்படிப் போனது என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். நான் அதை மாமாவிடம் தமிழில் சொன்னேன்.

“மாடு தேடிப் போனனான். வட்டைக்குள்ள மிதிவெடி எண்டு சொல்லு” என்றார் மாமா.

வயலுக்குள் மாடு தேடிய கதையைத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வியப்பு. எங்கள் வீட்டில் எந்தக் காலத்தில் மாடு இருந்தது? வாசல் மெழுகச் சாணி வேண்டுமென்றால்கூட அடுத்த வளவுக்குத்தானே போவோம்.

அதிகாரி சிரித்த முகத்தோடு என் உயரத்துக்குக் குனிந்தார். “ஹவ் மெனி கவ்ஸ்?”

மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது: மாமா இவருடைய காலை இழுக்கிறார்! இவ்வளவு பெரிய ஆளிடமே பகிடி விடுகிறார்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன்.

“மெனி கவ்ஸ், சேர். ஒன் பிளாக் கவ். வெரி பேட். ஒல்வேஸ் கிக்கிங்!”

அவர் சத்தமாகச் சிரித்து, “குட் இங்கிலீஷ்” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீட்டுக்குப் போகும்போது மாமா முன்னால் நடந்தார். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி வலித்தது. மதகடிக்கு வந்ததும் அவள் அப்படியே குந்தி, என் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பொய் சொன்னதற்குத்தான் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

“இனிமே சொல்ல மாட்டன் அம்மா. மாடு இல்ல எண்டு போய்ச் சொல்லட்டா?”

அம்மா என் வாயைப் பொத்தினாள். “ஆரு கேட்டாலும் மாடு இருந்ததுதான். கறுத்த மாடு. விளங்கிச்சா புள்ள?”

சின்னப் பொய்க்கும் ஈர்க்குப் பிடுங்கி அடிக்கிற அம்மா அப்படிச் சொன்னது எனக்குப் புதினமாக இருந்தது.

அடுத்த கிழமை அவள் விடியவே எங்கேயோ புறப்பட்டுப் போனாள். பொழுது சாயும் நேரம் ஒரு கறுத்த பசுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய காதுகளில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. மாமா வேலியடியில் நின்று பசுவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். சில நாள் கழித்து ஒரு ஜீப் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து, வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றது. பசு பூவரச மரத்தடியில் அசைபோட்டபடி படுத்திருந்தது. ஜீப் திரும்பிப் போனது.

எனக்கோ தரையில் கால் பாவவில்லை. நான் நல்ல இங்கிலீஷ் கதைத்ததற்கு அம்மா பரிசு வாங்கித் தந்திருக்கிறாள் என்று ஒழுங்கை முழுவதும் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்களிடம் அம்மாவும், “ஓம், பரிசுதான்” என்றாள். ஒரேயொரு குறைதான் எனக்கு. பக்கத்தில் போய் எவ்வளவு சீண்டினாலும் அந்த மாடு உதைக்கவே இல்லை.