மாப்பிள்ளையின் பென் டிரைவ்

கம்ப்யூட்டரில் வைரஸ் எடுக்கும் தொழிலில் இருப்பவளை ஊரில் யாரும் முழுசாக நம்புவதில்லை. நானும் யாரையும் நம்புவதில்லை. 'விடுறதும் அவுகதான், எடுக்கிறதும் அவுகதான்' என்ற பேச்சைக் கேட்டு வயிறெரிந்த சக சர்வீஸ்காரர்களே, பென் டிரைவ் புதுசாகப் புழக்கத்துக்கு வந்த காலத்தில் கம்பம் ஊரில் நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

சிவப்புப் பெட்டி

ஏலக்காய் மொத்த வியாபாரி காசிம் ராவுத்தர் போன் செய்தார். கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது. பில் போடும் புரோகிராமைத் திறந்தால் ஆன்டிவைரஸ் சிவப்புப் பெட்டி காட்டி அலறுகிறது. அதை எழுதிக் கொடுத்தவன் ரபீக், உத்தமபாளையத்துப் பையன். அந்தத் தெருவில் பாதிக் கடைகளில் அவன் புரோகிராம்தான். ராவுத்தர் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை கடையும் அவனுக்குக் கதவைச் சாத்தும். அதை அவர் சொல்லவும் தயாராக இருந்தார்.

"அடிக்கடி அவனக் கூப்புடணும்னே உள்ள எதையோ விட்டு வச்சிருக்கான்த்தா. நம்பி உள்ள விட்டதுக்குத் திருடன் மாதிரி கன்னம் வச்சுட்டான்."

பூட்டுப் போட்டவன்

ரபீக்கை அசல் சிடியோடு என் கடைக்கு வரச் சொன்னேன். பயல் முகம் வெளிறிப் போயிருந்தான். எனக்கும் சந்தேகம்தான், வெளிறிய முகத்தை நம்பித் தொழில் பண்ண முடியுமா? நெட் இணைப்பு இல்லாத சுத்தமான கம்ப்யூட்டரில் அவன் புரோகிராமை ஓடவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பில் போட்டது, மூடிக்கொண்டது, வேறெதையும் தொடவில்லை. இன்னும் இரண்டு ஆன்டிவைரஸில் சோதித்தேன். அவை வாயே திறக்கவில்லை. ராவுத்தர் கடையிலிருந்து வரவழைத்த பிரதியும் சிடியில் இருந்ததும் அச்சு அசல் ஒன்றுதான்.

பிறகு ஏன் அலறல்? யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாதென்று ரபீக் புரோகிராமைச் சுருக்கிப் பூட்டியிருந்தான். வைரஸ் எழுதுகிறவர்களும் அப்படித்தான் மறைப்பார்கள். முக்காடு போட்டுப் போகிறவனைக் கண்டால் தெரு நாய் குரைக்கத்தானே செய்யும்?

"எவனாச்சும் காப்பி அடிச்சுருவான்னு சந்தேகப்பட்டுத்தான்க்கா பூட்டுனேன். இப்ப என்னையவே சந்தேகப்படுறாக."

தொடக்கூடாத பொருள்

அப்படியென்றால் கம்ப்யூட்டரைப் படுக்கப் போட்டது எது? ராவுத்தர் கடைக்குப் போனேன். மேசையில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. கையை நீட்டியதும் பதறிவிட்டார். குமுளியில் இருக்கும் மருமகன் கொடுத்ததாம். அதைச் சோதனை போடுவது மாப்பிள்ளையின் சட்டைப் பையைத் துழாவுவது மாதிரியாம்.

அவர் டீ சொல்லப் போன நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரிலேயே செருகிப் பார்த்தேன். ஆன்டிவைரஸ் 'சுத்தம்' என்றது. அதனிடம் இருந்த வைரஸ் பட்டியல் பழசு; புதுத் திருடனை அதற்கு அடையாளம் தெரியாது. 'கல்யாண போட்டோ' என்ற ஃபோல்டரின் விவரத்தைப் பார்த்தேன். அது ஃபோல்டரே இல்லை, ஃபோல்டர் வேஷம் போட்ட புரோகிராம். கம்ப்யூட்டர் முழுக்கக் குட்டி போட்டிருந்தது. திரும்பி வந்த ராவுத்தருக்குக் காட்டினேன். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யச் சொன்னார்; பென் டிரைவை மட்டும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் டீ இறங்கவில்லை.

"மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாக. ரபீக் கொண்டாந்ததுன்னே இருந்துட்டுப் போகட்டும்த்தா."

மாப்பிள்ளை வந்தார்

சில நாளில் அந்த மாப்பிள்ளையே என் கடைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதே பென் டிரைவை நீட்டினார். "மாமா கடையிலருந்து வைரஸ் ஒட்டிக்கிச்சுக்கா. மாமாட்டச் சொல்லிறாதீக, வருத்தப்படுவாக" என்றார். ஆளுக்கொரு பக்கம் மரியாதை; நடுவில் ரபீக்கின் பிழைப்பு போகிறது. மாப்பிள்ளையைக் கையோடு ராவுத்தர் கடைக்குக் கூட்டிப் போனேன். ரபீக்கையும் வரவழைத்தேன். மூன்று பேரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்து, குமுளி பிரவுசிங் சென்டரில் போட்டோ ஏற்றியபோதுதான் வைரஸ் ஒட்டியிருக்கும் என்று ஒத்துக்கொண்டார். ராவுத்தர் ரபீக் பக்கம் திரும்பினார்.

"சரிப்பா, உம்மேல தப்பில்ல. இங்கனயே வேலையப் பாரு. ஆனாலும் உன்னுதப் பாத்துத்தானப்பா மொதல்ல கத்துச்சு?"

ரபீக் பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்தக் கடையில் அதற்கப்புறமும் அவன் சிடியை ஸ்கேன் செய்யாமல் உள்ளே விட்டதில்லை, மாப்பிள்ளையின் பென் டிரைவை ஸ்கேன் செய்ததும் இல்லை.