இல்லாத சத்தம்

எங்கள் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். நான் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. நாலாவதோடு நின்ற என் பள்ளிக்கூடத்தில்கூட வாத்தியார் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்லிவிட்டு, கேட்டுக் கேட்டு அலுத்து உட்காரச் சொல்லிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து என் முணுமுணுப்பை ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர். அந்த மனிதரிடம் ஒருநாள் சாப்பிடும்போது, "உப்பு போதுமாங்க" என்றேன். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

அவர் வேலை பார்த்தது ஃபேக்டரியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில். இடி விழுவது மாதிரி நாள் முழுக்க அடிக்கும் இடம். அங்கேதான் காதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கார் வாங்கினார். அதை எந்த மெக்கானிக்கும் தொடக் கூடாது. ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது எல்லாம் அவரேதான்.

அப்போது நாங்கள் பெங்களூரில் தொம்மலூரில் குடியிருந்தோம். ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து வீடு, கேட்டை ஒட்டி ஒரே ஒரு கார் நிற்க இடம். அந்த இடத்தில் எங்கள் கார் நின்றது. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் மகன் புதுக் கார் ஒன்றுக்குப் பதிந்து வைத்திருந்தான். அவனுக்கு அந்த இடம் வேண்டும், அதனால் அப்பா காரை விற்றுவிட வேண்டும் என்று நினைத்தான். அது மட்டும் காரணம் என்று சொன்னால் பாவம். ஒருநாள் முனையில் திரும்பும்போது லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தும் இவர் திரும்பிப் பார்க்கவில்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து அவன் அவரிடம் பேசும் தொனியே மாறிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவர் டாப்பெட் சரி செய்கிறேன் என்று இன்ஜினைத் திறந்தார். டாப்பெட் என்றால் வால்வுகளை அமுக்கும் சின்னச் சின்னத் திருகுகள். அவற்றுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விட வேண்டும். அதை அளக்க மெல்லிய தகடு இருக்கிறது. எதிர் வீட்டு ஆட்டோக்காரர் அதைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அளவுத் தகடெல்லாம் கத்துக்குட்டிக்குப்பா. எனக்கு என் காதே போதும்" என்றார் இவர்.

வாலிபத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார். திருகைத் திருப்பி, வண்டியைக் கிளப்பி, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி திருப்பி. அன்றும் அப்படியே செய்தார். மூடியை மூடி, வண்டியைக் கிளப்பி, திருப்தியாகத் தலையாட்டினார். வண்டி டிக் டிக் டிக் என்று அடித்துக்கொண்டது.

"அண்ணே, காருல தையல் மெஷின் வச்சிருக்கீங்களா?" என்றார் ஆட்டோக்காரர். "எனக்கு ஒரு காக்கிச் சட்டை தச்சுக் குடுங்க."

மகன் சிரித்தான். அவர்கள் வாயசைவைப் பார்த்து இவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று என் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா, வண்டியில சத்தம் வருது" என்று மகன் உரக்கச் சொன்னான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அதை நிறுத்துங்க. நிறுத்திட்டா காரு உங்களுது, நான் வாயே திறக்கல. இல்லேன்னா சாவியக் குடுத்துடணும். வாங்கறதுக்கு ஆள் பார்த்து வச்சிருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்குடா?" என்றார் இவர். "சரி, பாத்துடலாம்."

மறுநாள் மகன் வேலைக்குப் போனதும் என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்தார். "நான் ஆக்சிலேட்டர மிதிக்கணும். ஒரு ஆள் ரெண்டு வேலை செய்ய முடியாதுல்ல. நீ முனைய இன்ஜின் மேல வச்சு, பிடியக் காதுல ஒட்ட வச்சுக்க. எங்க அதிகமா தட்டுதோ கையக் காட்டு" என்றார். உண்மையில் எதற்காக என்னைக் கூப்பிடுகிறார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு நாலு பேர் பார்க்க நிற்பதென்றாலே உடம்பு கூசும். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தேன். பிடியைக் காதில் வைத்ததும் அந்த இரும்புக்குள் ஒரு பெரிய ஊர்வலமே போவது கேட்டது. வீட்டுச் சொந்தக்கார அம்மா ஜன்னலில் நின்று பார்த்தார். "டாக்டரம்மா, நாடி எப்பிடி இருக்கு?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். நான் நிமிரவில்லை. முன்னாலிருந்து மூன்றாவது திருகுக்கு நேரே மூடியின் மேல் முனையை வைத்தபோது டிக் என்பது காதுக்குள்ளேயே அடித்தது. கையைத் தூக்கினேன்.

அவர் வண்டியை அணைத்து, மூடியைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, திருகை ஒரு துளி திருப்பி, மறுபடி இறுக்கினார். "ரொம்ப இறுக்கிடக் கூடாது. இறுகினா வால்வு மூடாது. மூடலேன்னா வண்டியே பிடிக்காது" என்று எனக்கு விளக்கினார். அப்படி அவர் என்னிடம் ஒரு வேலையை விளக்கியதே இல்லை. பிறகு இன்னொரு திருகிலும் கொஞ்சம் சத்தம் இருந்தது. அதையும் சரி செய்தார். கடைசியில் வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. சத்தம் இல்லை என்று நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் வந்து நின்றான். ஆட்டோக்காரரும் பல் துலக்கிக்கொண்டே வந்தார். இவர் பெருமையாக வண்டியைக் கிளப்பினார். ஒரு பிசிறு இல்லை.

மகன் கொஞ்ச நேரம் கேட்டான். அவன் முகம் சின்னதாகிப் போனதை நான் பார்த்தேன். பிறகு ஆட்டோக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"சத்தம் இன்னும் இருக்குப்பா" என்றான் உரக்க.

ஆட்டோக்காரர் வாயில் இருந்த நுரையைத் துப்பினார். "ஆமாண்ணே. லைட்டா இருக்குது" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இவர் என் பக்கம் திரும்பினார். நான், "இல்லைங்க, நல்லா இருக்குது" என்றேன். எனக்கு வரும் குரல் அவ்வளவுதான். அவர் புருவத்தைச் சுருக்கி என் வாயையே பார்த்தார்.

"அம்மாவும் இருக்குன்னுதான் சொல்றாங்க" என்றான் மகன்.

"நீயுமா?" என்றார் அவர் என்னைப் பார்த்து.

என் ஆயுசில் நான் கத்தினது கிடையாது. பிள்ளை பெற்றபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன் என்று நர்ஸ் சொன்னாள். அன்றைக்குக் கத்தினேன். "சத்தமே இல்லைங்க. உங்களுக்குக் காது கேக்காதுங்கற தைரியத்துல இவங்க பொய் சொல்றாங்க." என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. வீட்டுச் சொந்தக்கார அம்மா வெளியே வந்து, "ஏனாய்த்து?" என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் கேட்டார். ஆட்டோக்காரர் தன் காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினார். அந்த அம்மா ஐயோ பாவம் என்பது மாதிரி தலையை ஆட்டினார். இதெல்லாம் கண்ணால் பார்க்கிற விஷயம். எங்கள் வீட்டுக்காரருக்குக் காதுதான் இல்லை, கண் இருந்தது.

"எதுக்குடி ஊரைக் கூட்டுற? நான் என்ன செவிடா?" என்றார். முகம் கறுத்துப் போயிருந்தது. இன்ஜின் பக்கம் தலையைச் சாய்த்து, எல்லாரும் பார்க்கும்படி ஒரு நிமிஷம் நின்றார். "இருக்குது. சத்தம் இருக்குது. எனக்கே நல்லாக் கேக்குதே" என்றார்.

மகன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தான். ஆட்டோக்காரர் வாய் கொப்பளிக்கிற சாக்கில் குழாய்ப் பக்கம் போய்விட்டார்.

அவர் வண்டியை அணைத்து, மூடியைக் கழற்றி, ஸ்பானரை எடுத்தார். நான் கிட்டே போய்க் கையைப் பிடித்தேன். என் கையை விலக்கிவிட்டு முதல் திருகிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் அடி வரை இறுக்கினார். "அப்பா, விடுங்க. போதும்" என்று மகன் சொன்னான். முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னான். அது அவருக்கு எங்கே கேட்கப்போகிறது.

எல்லாவற்றையும் முடித்து மூடியை மாட்டிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்தது. பாட்டரி இறங்கும்வரை திருப்பிக்கொண்டே இருந்தார். முற்றத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இப்ப சத்தம் இருக்குதாடா?" என்று மகனைக் கேட்டார்.

மகன் இல்லை என்று தலையசைத்தான்.

அவர் சாவியை எடுத்து மகனிடம் நீட்டவில்லை. என் உள்ளங்கையில் வைத்தார். "அவன்கிட்டக் குடு" என்றார்.

கொடுத்தேன்.