ரோசம்மாளின் தூக்கு

அரக்கோணத்தில் ஏறிய ரயில் என்னை ஆம்பூரில் இறக்கிவிட்டபோது காலை ஏழு மணி. 1982, ஐப்பசி மாதத்து ஞாயிறு. விடுமுறை நாளிலும் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை ஊரைவிட்டுப் போகவில்லை. மாதனூர் வழியாக ஒடுகத்தூர் போகும் பஸ்ஸில் இடம் பிடித்தேன். அடிபட்டும் ஊரைவிட்டு ஓடாத ஞானமுத்து ஐயரைப் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. போதகரை இந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வுபெற்ற அவர், ஒடுகத்தூருக்கு அருகிலுள்ள தம் பழைய சபையின் அறுப்புப் பண்டிகைக்கு இன்று வருகிறார்.

பக்கத்தில் மடியில் தூக்குடன் ரோசம்மாள் என்ற அம்மாள். ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை. என் குடையையும் கைப்பையையும் பார்த்ததுமே டீச்சர் என்று முடிவு கட்டிவிட்டார். உண்மைதான்.

"தூக்குல என்னம்மா?"

"அதிரசம் டீச்சர். ஏலத்துக்கு."

பண்டிகைக் காணிக்கையாக வரும் பூசணி, கோழி, பலகாரம் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். எடுத்தவர் பெருமையாக "சபைக்கே!" என்று திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம். எங்கள் அரக்கோணத்தில் ஒரே பூசணிக்காய் மத்தியானம் வரை சுற்றும்.

"ரொம்ப வருசம் முன்னாடியும் அதிரசம்தான் எடுத்தாந்தேன். நாங்க காலனி ஆளுங்க. மேலத் தெரு ஜனம் ஒருத்தரும் ஏலம் கேக்கல. ஐயரே எடுத்தாரு. திருப்பிக் குடுக்காம அங்கயே தின்னுட்டு, 'ருசி ஜாஸ்தி'ன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே அடிச்சி காலை ஒடிச்சாங்க. சபைக் கோயிலையும் பூட்டிட்டாங்க."

"அப்புறம்?"

"கட்டுப் போட்ட காலோட எங்க காலனி வேப்ப மரத்தடியில ஜெபம், பள்ளிக்கூடம் எல்லாம் நடத்துனாரு. என் பொண்ணு இப்ப வேலூர்ல நர்ஸு." சொல்லும்போது கழுத்து நிமிர்ந்தது. "இப்ப கோயில்ல எல்லாரும் ஒண்ணாத்தான் உக்கார்றோம். ஆனா அதுக்கப்புறம் நான் பலகாரம் கொண்டாரல. இன்னிக்கு துன்றாங்களான்னு பாக்கணும்."

ஐயரை ஆஜானுபாகுவாகக் கற்பனை செய்திருந்தேன். ஊன்றுகோலோடு கோயிலுக்கு வந்தவர் என் தோள் உயரம்தான். காலனிப் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு விடவே இல்லை.

ஏலத்தில் தூக்கு வந்தது. மேலத் தெருக்காரர்களுக்குள் போட்டியே நடந்தது. எனக்கு ஒரே பூரிப்பு. எடுத்தவர் "சபைக்கே!" என்றார். கைதட்டல். அடுத்தவரும் "சபைக்கே!" மூடியைத் திறந்தவர்தான் யாருமில்லை. ரோசம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. பக்தியோடு நழுவ இப்படியும் ஒரு வழியா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து எடுத்தவர் தேவராஜ். ஐயரை அடித்தவரின் மகன் என்று பின்னால் முணுமுணுத்தார்கள். அவரும் "சபைக்கே!" சொல்ல வாய் திறக்கும்போது, ஐயர் நாற்காலியிலிருந்தே கேட்டார்: "தம்பி, இன்னும் எத்தினி வாட்டி சுத்தும்? அதிரசம் காஞ்சிடப் போவுது."

தேவராஜ் ஐயரின் அந்தக் காலைப் பார்த்தார். மூடியைத் திறந்து ஒன்றைக் கடித்தார். மென்றுகொண்டே நின்றார், கண் கலங்கிற்று.

"இந்த ருசிக்கா ஐயரே எங்கப்பா உங்கள அடிச்சாரு?"

"அதெல்லாம் கெடக்கட்டும். எனக்கொண்ணு குடு" என்று ஐயர் கையை நீட்டினார்.

அவ்வளவுதான், நாலாபக்கமும் கைகள் நீண்டன. ரோசம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.

திரும்பும் பஸ்ஸில் காலித் தூக்கு கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு ஒண்ணுகூட எடுத்து வெக்கலியே டீச்சர்" என்று ரோசம்மாள் அங்கலாய்த்தார். அதிரசம் கிடைக்காததற்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

மாதனூர் தாண்டியதும் அவரே சொன்னார்: "அடுத்த வருசம் தேவராஜ் வூட்டு முறுக்க நான் ஏலம் எடுக்கப் போறேன். தின்னு பாப்பேன். நல்லா இல்லன்னா, சபைக்கே!"