கறையும் பனியும்: ஒரு நெகட்டிவோடு பட்ட பாடு

கறுப்பு வெள்ளைப் படம் போடும் தொழிலில் இருட்டைக்கூடச் சமாளிக்கலாம், கறையைச் சமாளிக்க முடியாது. ஹட்டன் மலை ஈரத்தில் பழைய நெகட்டிவோடு மாரடிக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயத்தண்ணி நிறம்

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் மாறி வந்தார் மாரியாயி அக்கா. கையில் ஒரே ஒரு நெகட்டிவ். அதில் கொழுந்துக் கூடையோடு அவருடைய அம்மா. அடுப்புக்கு மேலே, சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாராம். அது பத்திரமாகப் பால் விடாத சாயத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது.

மஞ்சள் கறை வழியாக வெளிச்சம் விழுந்தால் நம் தாளில் கறுப்பும் வெளுப்பும் கலந்து எல்லாம் சாம்பலாகிவிடும். முதல் பிரதி அப்படித்தான் வந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை தெவசம் தம்பி. வேற படமும் இல்ல, அம்மா மொகம் எனக்கே மறந்துக்கிட்டு வருது. இதுல கண்ணு எங்க இருக்கு?"

கூட்டாளியின் கெட்டிக்காரத்தனம்

முன்கடையில் இருக்கும் என் கூட்டாளி ராஜனுக்கு இருட்டறை என்றாலே இளக்காரம். நெகட்டிவைப் போனில் பிடித்து, ஏதோ ஆப்பில் போட்டு, நான் கை கழுவி வருவதற்குள் பளிச்சென்று ஒரு படத்தை நீட்டிவிட்டான். தெரியாத இடத்தையெல்லாம் ஆப்பே இஷ்டத்துக்கு நிரப்பியிருந்தது. அக்கா மரியாதையாகத்தான் கேட்டார். "ரொம்ப லெச்சணமா இருக்காங்க. யாரு இவங்க?"

மல்லுக்கட்டு

மறுபடி உள்ளே போனேன். கறுப்பு வெளுப்பு வித்தியாசத்தைக் கூட்ட ஊதாச்சிவப்பு பில்டர் போட்டேன். போதவில்லை. இன்னும் கடுமையானதைப் போட்டேன், நெற்றி கறுத்தது. குளிர் தண்ணீரில் விரல் மரத்தது, பொறுமையும் போய்விட்டது. கடைசியில் இருப்பதிலேயே கடுமையான பில்டரில் கண், மூக்குத்தி, உதடு எல்லாம் துல்லியமாக எழுந்தன. பின்னாலிருந்த சாம்பல் முழுக்க வெளுத்துவிட்டது. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். "மொகம் அம்மா மொகந்தான். பனிய எங்க தம்பி காணோம்? விடியக்காலம் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போறப்ப பனிக்குள்ளதான் போவாங்க, நான் லயத்து வீட்டு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

அட்டைத் துண்டு

அத்தனை நேரமும் கறையென்று நான் விரட்டியதில் பாதி பனி. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. முதலில் கடுமையான பில்டரில் முகத்தை எடுத்தேன். பிறகு முகத்துக்கு மேல் அட்டைத் துண்டை ஆட்டிக்கொண்டே, மிதமான பில்டரில் மற்ற இடத்துக்கு வெளிச்சம் கொடுத்தேன். தாளை மருந்துத் தட்டில் போட்டதும் பனி மெல்லத் திரும்பி வந்தது, முகம் தெளிவாகவே நின்றது.

ஈரம் காயாத படத்தை அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். அழுதார், ராஜன்கூடப் போனைக் கீழே வைத்துவிட்டான். "இப்பத்தான் அம்மா வேலைக்குப் போறாங்க."

பில்டரைத் தேடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரைப் பெட்டித் தாள் மிஞ்சியிருக்கும், ஆனால் இருட்டறைக்காரனுக்கு ஆளிடம் கேட்கும் பழக்கம் எங்கே இருக்கிறது.