எந்தக் குளத்துக் கெண்டை?

எங்கள் மேல் குளத்தைப் பூட்டியது அந்த மீன்பிடி அதிகாரிதான். மழையும் அல்ல, தோட்ட நிர்வாகமும் அல்ல. தெரியாமல் நடந்த தவறு என்று லயத்து வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு குளங்கள். மேல் டிவிஷனுக்கு மேலே, பனி கலையாத இடத்தில் ஒரு சின்னக் குளம். கீழ் டிவிஷனுக்கும் கீழே, வெயில் பிடிக்கும் பள்ளத்தில் ஒரு பெரிய குளம். நடுவில் மீன் ஏற முடியாத செங்குத்துப் பாறை. இரண்டிலும் கெண்டைதான். மேலே இருப்பது கறுத்து மெலிந்திருக்கும். கீழே இருப்பது வெளுத்துக் கொழுத்திருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்கும்போது அப்பாவுக்குக் கால் நரம்பு அறுந்துபோனது. தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். அதன் பிறகு மேல் குளத்தில் வலை போட்டுத்தான் எங்களுக்குச் சோறு போட்டார்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கீழ்க் குளத்தில் மீன் குறைந்துவிட்டது. கொஞ்ச காலம் வலை போடக் கூடாது என்று மீன்பிடி இலாகாவில் முடிவெடுத்தார்கள். மேல் குளத்தை என்ன செய்வது? இரண்டிலும் இருப்பது ஒரே கூட்டம் என்றால் தடை இரண்டுக்கும். தனித்தனிக் கூட்டம் என்றால் மேல் குளத்துக்குத் தடை இல்லை, அப்பாவின் வலை பிழைக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிகாரி வந்தார்.

வந்தவர் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டவில்லை. மேலே ஏறினால் அட்டை கடிக்குமாம். இரண்டு குளத்திலும் மீன் பிடித்துப் பிரித்து வைக்கும்படி கங்காணிக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். மிச்ச மீனை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்றும் சொல்லியிருந்தார். கேட்க வேண்டுமா? மேல் டிவிஷன் ஆட்களும் கொழுத்த மீனுக்கு ஆசைப்பட்டுக் கீழ்க் குளத்துக்கே இறங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் காலை இழுத்துக்கொண்டு மேல் குளத்துக்கு ஏறினார்.

கங்காணி பிரித்துத்தான் வைத்தார், கொழுந்தைப் பிரிக்கிற மாதிரி. மேல் டிவிஷன் பெண்கள் கீழ் மலையில் போய்க் கொழுந்து எடுத்தாலும் அது மேல் டிவிஷன் பேரில்தான் விழும். எந்த மலையில் எடுத்தது என்ற பேச்சே கிடையாது, யார் எடுத்தது என்பதுதான் கணக்கு. மீனுக்கும் அதே சட்டம். மேல் டிவிஷன் ஆட்கள் கீழ்க் குளத்தில் பிடித்ததெல்லாம் ஒரு குவியல். அதன் மேலேயே அப்பாவின் கறுத்த மீன்களையும் கொட்டினார். கீழ் டிவிஷன் ஆட்கள் பிடித்தது இன்னொரு குவியல்.

“கங்காணி, என் மீனத் தனியா வைங்க. இதுதான் மேல் கொளத்து மீனு,” என்றார் அப்பா.

“ஒனக்கு மட்டும் தனித் தராசா? மேல் டிவிஷன் ஆளு, மேல் டிவிஷன் குவியல். போய் ஓரமா நில்லுப்பா!”

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியும் சிரித்தார். ஆகவே அவர் காதில் விழவில்லை என்ற கதை என்னிடம் வேண்டாம்.

பிறகு வேலை நடந்தது. தலை முதல் வால் வரை அளந்தார். துடுப்பு முட்களை எண்ணினார். செதிலை உரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மண்டையைப் பிளந்து அரிசி மாதிரி ஒரு கல்லை எடுத்து, காதுக்கல் என்றார்.

“மீனுக்குக் காதா? அப்ப இம்புட்டு நாளும் நாம பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்துச்சு?” என்றாள் அம்மா. அதற்கும் சிரிப்பு. அவள் விடவில்லை. “ஐயா, ஒரே கூட்டம்னா இந்த மீனு மட்டும் ஏன் கறுத்துக் கெடக்கு?”

“எந்தக் கூட்டத்துலயும் நாலு நோஞ்சான் இருக்கும்மா,” என்றார் அதிகாரி.

இரண்டு குவியலுக்கும் வித்தியாசம் இல்லை, ஒரே கூட்டம் என்று முடிவு வந்தது. எப்படி வித்தியாசம் இருக்கும்? அப்பாவின் மீனைத் தவிர, இரண்டிலும் இருந்தது கீழ்க் குளத்து மீன். அப்பா வலையைச் சுருட்டிவிட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். அடுத்த வருடம் கீழ்க் குளத்தில் தடையை எடுத்தார்கள். மேல் குளம் மட்டும் வெளியூர்க்காரர் ஒருவர் கைக்குப் போயிருந்தது. எப்படிப் போனது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில்.

அன்று நான் மேசையோடு ஒட்டி நின்றேன். அதிகாரி அப்பாவின் மீனில் ஒரு செதிலை எடுத்து நெடுநேரம் பார்த்தார். கொழுத்த மீனின் செதிலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்பாவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டுத் தேநீர் கேட்டார். களைத்துவிட்டார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக வளரும் மீனின் செதிலில் வளையங்கள் நெருங்கி நிற்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. அவருக்குத் தெரியும். அதைப் படித்துத்தானே வேலைக்கு வந்தார்?

ஐயா, இப்போது நீங்கள் பெரிய பதவியில் இருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். மைக் பிடித்து, சனம் எல்லாம் கேட்கச் சொல்லுங்கள்: அந்த இரண்டு செதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது என்ன பார்த்தீர்கள்? பார்த்த பிறகும் இந்த மீன் எந்தக் குளத்தில் பிடித்தது என்று என் அப்பாவிடம் ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை?