ஊர்த் தெருவில் ஒரு பாடை

பாரூர் ஏரி நிரம்பி வாய்க்கால் உடைத்துக்கொண்ட ஐப்பசியில் எனக்குக் கைக்குழந்தை. எங்கள் வயலில் நாற்று நடும் பெண் ஒருத்தியும் நானும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தோம். வரப்பில் என்னைக் கண்டால், சேற்றில் நின்றபடியே, "சோறு எறங்குதாங்க?" என்று கேட்பாள்.

எனக்கு வலி எடுத்தபோது கூண்டு வண்டி கட்டி கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கு வலி எடுத்தது அடைமழையில். வண்டி கேட்டு அவள் புருஷன் எங்கள் வாசலுக்கு வரவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று தோன்றவே இல்லை என்று பின்னால் சொன்னார். பிள்ளை தங்கிற்று. அவள் போய்விட்டாள்.

அவர்கள் சேரியின் சுடுகாடு வாய்க்காலுக்கு அப்பால். கரைவழியெல்லாம் வெள்ளம். மிச்சமிருந்த ஒரே வழி எங்கள் தெரு. அதில் அவர்கள் பிணம் வரக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. காலையில் அவள் புருஷன் வந்து என் மாமனாரிடம் கேட்டார். கூடியிருந்த பெரியவர்கள், தண்ணீர் வடியட்டும் என்றார்கள்.

"அதுவரைக்கும் அவள எங்கீங்க வெச்சிருக்கறது?"

உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருந்த நான் குழந்தையை மாமியாரிடம் தந்துவிட்டு வெளியே வந்தேன்.

"நீ எதுக்கும்மா வந்த? உள்ள போ," என்றார் மாமனார்.

"நம்ம வயல்ல பாடுபட்டவ, மாமா. இப்படித்தான் கொண்டுபோகணும். நான் முன்னால நடக்கறேன்."

எங்கள் வீட்டுப் பெண்கள் பாடையோடு போகும் வழக்கம் இல்லை. மாமனார் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் நடந்தேன். பின்னால் பாடை வந்தது. கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. கோயிலருகே வழிமறித்து நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்து விலகினார்கள். விலகியது எனக்காக அல்ல, என் மாமனார் வீட்டுக்காக என்று அப்போதே புரிந்தது. பறை அடிக்காமல்தான் வந்தார்கள். தெருவைத் தாண்டிய பிறகே பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

மாமனார் வெகுநாள் என்னோடு பேசவில்லை. எனக்கு வந்த கஷ்டம் அவ்வளவுதான். பாடை தூக்கியவர்களை அந்த அறுப்புக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. நான் என் கணவரிடம் விடாமல் பேசினேன். எங்கள் வயலுக்கு மட்டும் அவர்களை அழைத்தார். அதுவும் போதவில்லை.

பிறகு அவர்களே, பிணம் கொண்டுபோக வழி கேட்டுத் தாசில்தாரிடம் மனுக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டார்கள். அவர்களோடு பஸ் ஏறி கிருஷ்ணகிரிக்குப் போய், கண்டதைச் சொன்னேன். மறு கோடையில் வாய்க்கால்மேல் சின்னப் பாலம் கட்டினார்கள். இனிப் பாடை தெருவுக்கு வராதென்று ஊருக்கும் நிம்மதி.

பாலத்தைப் பார்க்கப் போனபோது, இடுப்பில் அவள் பிள்ளையோடு அவர் நின்றிருந்தார்.

"பாலம் நல்லதுதாங்க. ஆனா நாங்க கேட்டது தெருவ."

அவர் சொன்னது சரி. அடுத்த மனுவில் தெருவைத்தான் கேட்டோம்.